ஊர்ச் சங்கங்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பவர்களே, டொமைனை யார் பெயரில் வாங்குகிறீர்கள்?

காரைக்குடிக்காரன்

வணக்கம். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து காரைக்குடியில் ஒரு சின்ன வெப் டெவலப்மென்ட் கம்பெனி நடத்துகிறோம். பள்ளிக்கூடம், கோயில் திருப்பணிக் குழு, வர்த்தகர் சங்கம், முன்னாள் மாணவர் சங்கம், முதியோர் இல்லம் என்று உள்ளூர் அமைப்புகள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். விரும்பிச் செய்கிற வேலை, அதனால்தான் இந்தக் கேள்வி.

சமீபத்தில் ஒரு முதியோர் இல்ல அறக்கட்டளையிலிருந்து வந்தார்கள். அவர்கள் வெப்சைட்டைத் திறந்தால் இந்தோனேசிய மொழியில் ஸ்லாட் சூதாட்ட விளம்பரம் வருகிறது. ஹேக் ஆகியிருக்கும் என்றுதான் பார்க்க ஆரம்பித்தோம். ஹேக் இல்லை. தளத்தைச் செய்து கொடுத்தவர் டொமைனை, அதாவது தளத்தின் முகவரியை, தன் பெயரில், தன் ஈமெயிலில் வாங்கியிருக்கிறார், அப்புறம் தொழிலையே விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார், ரினியூவல் நினைவூட்டல் எல்லாம் அவர் திறந்தே பார்க்காத ஈமெயிலுக்குப் போயிருக்கிறது. காலாவதியானதும் யாரோ எடுத்துக்கொண்டார்கள். பல வருடமாகப் பத்திரிகைகளும் நன்கொடையாளர்களும் லிங்க் கொடுத்துவந்த முகவரி என்றால் கூகுள் தேடலில் அது மேலே வரும், சூதாட்டக் கும்பல் தேடி எடுப்பது அந்த மாதிரி முகவரிகளைத்தான். நன்கொடை ரசீது, வாசல் போர்டு, வேன் என்று எல்லாவற்றிலும் அந்த முகவரி இருக்கிறது. ரசீதைப் பார்த்துத் தளத்துக்குப் போன ஒருவர் போன் செய்து திட்டியிருக்கிறார். இல்லத்தை நடத்துகிற அம்மா அதைச் சொல்லும்போது குரலே எழும்பவில்லை.

இனி எங்கள் கம்பெனியில் டொமைன் எப்போதும் வாடிக்கையாளர் பெயரில்தான் என்று எழுத்திலேயே வைத்துவிடலாம் என்கிறேன். என் பார்ட்னர் ஒத்துக்கொள்ளவில்லை. டொமைன் நம் கையில் இல்லாவிட்டால் பாக்கி வராது என்கிறார். அவர் அனுபவத்தில் பேசுகிறார், அதைத் தள்ளிவிடவும் முடியவில்லை. மற்றவர்கள் என்ன செய்கிறீர்கள்?

டெல்டா டெவலப்பர்

நான் உங்கள் பார்ட்னர் பக்கம். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பத்து வருடத்துக்கு மேல் இதே வேலைதான் செய்கிறேன். டொமைன் எல்லாம் என் கணக்கில்தான் இருக்கிறது, ஒன்றுகூட இதுவரை காலாவதி ஆனதில்லை.

வாடிக்கையாளர் பெயரில் வாங்கிக் கொடுங்கள் என்று சொல்வது சுலபம். நடைமுறையில் யார் பெயரில் வாங்குவீர்கள்? சங்கத்துக்கு ஈமெயில் கிடையாது. செயலாளருடைய மகன் பெயரில் இருக்கிற ஜிமெயிலில் வாங்குவோம். இரண்டு வருடத்தில் தேர்தல் வந்து செயலாளர் மாறுவார். பழையவருக்கும் புதியவருக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. ஓடிபி பழையவர் போனுக்குப் போகும், அவர் எடுக்க மாட்டார். கடைசியில் எல்லோரும் என்னிடம்தான் வந்து நிற்பார்கள். ஒரு வர்த்தகர் அமைப்பு இப்படித்தான் இரண்டாகப் பிரிந்து, இரண்டு தரப்பும் டொமைன் எங்களுடையது என்று சண்டை போட்டு, தளம் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. என் கணக்கில் இருந்திருந்தால் அன்றைக்கு அது ஓடிக்கொண்டாவது இருந்திருக்கும்.

பணம் அடுத்த விஷயம். செய்யும்போது "தம்பி, அடுத்த கமிட்டியில் பாஸ் பண்ணிவிடுகிறோம்" என்பார்கள். அடுத்த கமிட்டி வராது.

நிரல்_கோவை

டெல்டா அண்ணே, நீங்கள் இருக்கும்வரை எல்லாம் சரி. உங்களுக்கு ஒரு விபத்து, நீண்ட நாள் ஆஸ்பத்திரி என்று வந்தால் அந்த வருடம் ரினியூவல் யார் செய்வார்கள்? உங்கள் கணக்கின் பாஸ்வேர்டு வீட்டில் யாருக்காவது தெரியுமா? காரைக்குடிக்காரர் சொன்ன கதையில் வருகிறவர் கெட்டவர் இல்லை, தொழிலை விட்டவர். அவ்வளவுதான்.

உரிமையாளர் வேறு, பராமரிப்பவர் வேறு. பதிவில் உரிமையாளர் இடத்தில் சங்கத்தின் பதிவுப் பெயர், விலாசம் இருக்கட்டும். தொழில்நுட்பத் தொடர்பு, பில்லிங் தொடர்பு என்ற இடங்களில் உங்கள் பெயரைப் போடலாம், பல ரிஜிஸ்ட்ரார்கள் (டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனங்கள்) அதற்கென்றே இடம் கொடுத்திருக்கிறார்கள். பல ரிஜிஸ்ட்ரார்கள் கணக்கைப் பகிர்ந்து நிர்வகிக்கவும் விடுகிறார்கள். நீங்கள் ரினியூ செய்துகொண்டே இருக்கலாம், சொத்து அவர்களுடையதாக இருக்கும்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. டொமைன் கணக்குக்குக் கொடுக்கிற ஈமெயில் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த ஈமெயிலும் சேர்ந்து நின்றுவிடும், பாஸ்வேர்டு மாற்றுகிற மெயில்கூட வராது. பூட்டுக்கு உள்ளேயே சாவியை வைத்துப் பூட்டிய மாதிரி ஆகிவிடும். சங்கத்தின் பெயரில் தனியாக ஒரு ஜிமெயில் திறந்து, செயலாளர் எண், பொருளாளர் எண் இரண்டையும் அதில் சேர்த்து, மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு மினிட் புத்தகத்தோடு வைக்கச் சொல்லுங்கள். தேர்தல் முடிந்து புதிய நிர்வாகிகள் பொறுப்பேற்கும்போது வங்கிக் கணக்குக்குக் கையெழுத்து மாற்றுகிறார்கள், 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவாளருக்கும் மாற்றத்தைத் தெரிவிக்கிறார்கள், அந்தப் பட்டியலில் இதையும் சேர்த்துவிட்டால் போதும்.

டாட் காம், டாட் ஆர்க் எல்லாம் ஒரே தடவையில் 10 வருடத்துக்குக் கட்டலாம், டாட் இன் டொமைனும் அப்படியே. அமைப்பிடம் பணம் இருக்கும்போதே கட்ட வைத்துவிடுங்கள். டாட் காம், டாட் ஆர்க் வகையில் காலாவதியாகி, ரிஜிஸ்ட்ரார் தரும் சலுகை நாட்களும் முடிந்து டொமைன் அழிக்கப்பட்டால், அதற்கப்புறம் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதற்குள் கூடுதல் கட்டணம் கட்டி எடுக்கலாம். அதையும் விட்டால் 5 நாளில் பொதுவில் விழுந்துவிடும், அதற்காக ரோபோ வைத்துக் காத்திருப்பவர்கள் நொடிக்குள் எடுத்துவிடுவார்கள்.

சங்கச் செயலாளர்

நான் வெப்சைட் செய்பவள் இல்லை, செய்யச் சொல்கிறவள். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு வாசகர் சங்கத்துக்குச் செயலாளர். தம்பிகளே, எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

நீங்கள் எல்லோரும் எங்களைப் பணம் தராதவர்கள் என்றே பேசுகிறீர்கள். எங்களுக்கு நீங்கள் தருவது என்ன என்று தெரியாமலேயே நாங்கள் பணம் கொடுக்கிறோம், அது தெரியுமா? "ஹோஸ்டிங், டொமைன், எஸ்எஸ்எல் எல்லாம் சேர்த்து" என்று ஒரே வரியில் ஒரு தொகை. எது எங்களுடையது, எது வாடகை, எதை வருடா வருடம் கட்ட வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை. பொதுக்குழுவில் எழுந்து நின்று கணக்குச் சொல்ல வேண்டியவள் நான். ஒரு உறுப்பினர் "இது எதற்கு?" என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

எங்களுக்குத் தேவை மிகக் குறைவு. மாதாந்திரக் கூட்ட அறிவிப்பைப் போட வேண்டும், கூட்டம் முடிந்ததும் படம் போட வேண்டும், நன்கொடை கொடுத்தவருக்கு ரசீது போக வேண்டும். முதலில் செய்து கொடுத்தவர் தளத்துக்குள் நுழைய ஒரு பாஸ்வேர்டு தந்தார். உள்ளே போனால் இடது பக்கம் முழுக்க ஆங்கிலத்தில் மெனு, மேலே சிவப்பாக "அப்டேட் செய்யுங்கள், லைசென்ஸ் புதுப்பியுங்கள்" என்று எச்சரிக்கைகள். எதையாவது தொட்டால் கெட்டுவிடுமோ என்று பயந்து மூடிவிட்டேன். முகப்பில் இன்னும் பழைய ஆண்டு விழா அழைப்பிதழ்தான் இருக்கிறது. நாங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலேயே இருந்துகொள்கிறோம்.

புதிதாகச் செய்ய யோசிக்கிறோம். நான் என்னென்ன எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்? சொல்லுங்கள்.

காரைக்குடிக்காரன்

அக்கா, நீங்கள் எழுதியதை என் பார்ட்னருக்கும் அனுப்பியிருக்கிறேன்.

அந்த மெனு விஷயத்துக்கு எங்கள் பக்கம் இப்படிச் செய்கிறோம். வேர்ட்பிரஸ் என்ற தளம் நடத்தும் மென்பொருளில் செயலாளருக்கு எழுதித் திருத்துகிற எடிட்டர் அளவுக்கு மட்டும்தான் அனுமதி. அதிலும் தேவையில்லாத மெனுவை மறைத்துவிடுவோம். உள்ளே நுழைந்தால் "அறிவிப்பு எழுத", "படம் சேர்க்க", "நிகழ்ச்சி சேர்க்க" என்று மூன்று பொத்தான்கள், மூன்றும் தமிழில். அப்டேட் எச்சரிக்கை அவர்கள் கண்ணில் படாது, அதைப் பார்ப்பது எங்கள் வேலை. ஒப்படைக்கும் நாளில் நாங்கள் கீபோர்டைத் தொடுவதில்லை. செயலாளரே தன் போனிலிருந்து ஒரு அறிவிப்பை முழுதாகப் போட்டு, அது தளத்தில் வருவதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து.

போன் முக்கியம். எங்கள் ஊர்ச் சங்க அலுவலகங்களில் கம்ப்யூட்டர் இருந்தால் அதில் டேலி மட்டும்தான் ஓடும்.

இன்னொரு தலைவலி, அறிவிப்பை டிடிபி கடையில் அடித்துக்கொண்டு வருவார்கள். பாமினியிலோ வானவில்லிலோ அடித்திருப்பார்கள். அப்படியே காப்பி செய்து தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரும், அந்த எழுத்துருக்கள் எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோட் முறையில் இல்லையே. இவர்கள் தளம் கெட்டுவிட்டது என்று போன் செய்வார்கள். என்எச்எம் கன்வர்ட்டர் போட்டு மாற்றிக் கொடுப்போம். இப்போதெல்லாம் போனில் பேசினாலே தமிழில் எழுதிவிடுகிறது என்று காட்டிக் கொடுத்துவிட்டோம், அறுபது வயதைத் தாண்டிய தலைவர்கூட ஒலிவாங்கியை அமுக்கி அறிவிப்பைச் சொல்லிவிடுகிறார். டிடிபி கடைக்கே போவதில்லை.

எழுத்துரு

தமிழ் என்றதும் வந்தேன். உள்ளூர்த் தளம் செய்கிற எல்லோரும் இதைக் கவனியுங்கள்.

வேர்ட்பிரஸ்ஸில் தமிழில் தலைப்பு வைத்தால் முகவரியின் கடைசிப் பகுதியும் தானாகத் தமிழிலேயே உருவாகும். பிரவுசரில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் உள்ளே அது சதவீதக் குறியும் எண்ணுமாக மாற்றப்பட்டுத்தான் சேமிக்கப்படுகிறது. ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு யூடிஎஃப்-8 என்ற குறியாக்க முறையில் 3 பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் 3 இடம், ஆக 9 இடம். "கி" என்பது க, இகரக் குறி என்று இரண்டு குறியீடு, அதனால் 18 இடம். வேர்ட்பிரஸ் அந்தப் பகுதிக்கு ஒதுக்கியிருப்பது மொத்தம் 200 இடம். கணக்குப் போட்டால் 22 குறியீடுதான் பிடிக்கும். "மாரியம்மன் கோயில் கும்பாபிஷேக அழைப்பு" என்று தலைப்பு வைத்தால் பாதியிலேயே அறுந்துவிடும். இரண்டு வருடம் கழித்து அதே மாதிரித் தலைப்பு வந்தால் கடைசியில் 2, 3 என்று எண் சேரும், எது எந்த வருடம் என்று முகவரியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வாட்ஸ்அப்பில் ஒட்டினால் இரண்டு மூன்று வரிக்குச் சதவீதக் குறியாக நீளும். இப்போது மோசடி லிங்க் பற்றி எல்லோருக்கும் பயம், அதைப் பார்த்தால் யாரும் தொட மாட்டார்கள். முகவரிப் பகுதியை மட்டும் கையால் சின்னதாக ஆங்கில எழுத்தில் வைத்துவிடுங்கள், தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும்.

அப்புறம் வரி இடைவெளி. ஆங்கில டெம்ப்ளேட்டில் இருப்பதை அப்படியே விட்டால் மேல் வரியின் உகரக் கால்களும் கீழ் வரியின் இகரக் குறிகளும் முட்டிக்கொள்ளும். எழுத்தளவைப் போல 1.7 அல்லது 1.8 மடங்காவது வையுங்கள். பொத்தான்களில் இடம் தாராளமாக விடுங்கள், "டொனேட்" என்று இருந்த இடத்தில் "நன்கொடை அளிக்க" வர வேண்டும். எழுத்துருவுக்குக் காசு வேண்டாம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கட்டமரன், ஹிந்த் மதுரை எல்லாம் இலவசமாகவே கூகுள் ஃபாண்ட்ஸில் இருக்கின்றன. பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்க மறக்காதீர்கள், பார்வையற்றவர்கள் பயன்படுத்துகிற திரைவாசிப்பான் அதைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலுக்கு மாறும். அழைப்பிதழைப் படமாக மட்டும் போட்டுவிட்டால் அவர்களுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. நான்கு வரி எழுத்தாகவும் போடுங்கள்.

மேப் போதும்

இவ்வளவு பாடு எதற்கு? கூகுள் மேப்பில் பதிவு செய்து, ஃபேஸ்புக் பக்கம் ஒன்று திறந்தால் முடிந்தது. சின்ன அமைப்புக்கு வெப்சைட் தேவையே இல்லை என்பது என் கருத்து.

நிரல்_கோவை

பல அமைப்புகளுக்கு நீங்கள் சொல்வது உண்மைதான், அப்படி வருகிறவர்களிடம் நானே சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எல்லோருக்கும் பொருந்தாது. சிபிஎஸ்இ பள்ளி என்றால் இணைப்பு, கட்டணம், ஆசிரியர் விவரம், பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் தன் தளத்தில் வெளியிட வேண்டும் என்பது கட்டாயம். ஆன்லைனில் நன்கொடை வாங்க பேமென்ட் கேட்வே வேண்டுமென்றால் தளத்தில் தொடர்பு விவரம், தனியுரிமைக் கொள்கை, பணம் திருப்பித் தரும் கொள்கை எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுமதிப்பார்கள். ஃபேஸ்புக் பக்கமும் கடைசியில் யாரோ ஒரு உறுப்பினருடைய சொந்தக் கணக்கில்தான் தொங்குகிறது, அவர் போனால் அதுவும் போகும்.

ஆடிட்டர் ஆபீஸ்

மதுரையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை, அறக்கட்டளைக் கணக்குகள் நிறைய பார்க்கிறோம். இரண்டு தரப்புக்கும் சொல்கிறேன்.

பணம் கொடுத்துவிட்டோம், அதனால் தளம் எங்களுடையது என்று சங்கங்கள் நினைக்கின்றன. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் எழுதினால் உரிமை முதலாளிக்கு. வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் செய்து கொடுப்பவர் எழுதிய நிரல் அப்படி இல்லை, எழுதிக் கொடுக்காதவரை முதல் உரிமை எழுதியவருக்கே. எழுதி வாங்கும்போதும் எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றும், எந்த இடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். அதனால் செயலாளர் அம்மா, "தளத்தின் வடிவமைப்பு, நிரல், உள்ளடக்கம் அனைத்தின் உரிமையும் பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் உலகம் முழுவதற்கும் சங்கத்துக்கு" என்று ஒரு வரி கேட்டு வாங்குங்கள். வேர்ட்பிரஸ் போல மற்றவர்கள் எழுதிய பொது உரிம மென்பொருள் இதில் வராது, அது எல்லோருக்கும் பொது.

டெவலப்பர் தம்பிகளுக்கு. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு செய்திருக்கிறீர்களா? 2006 எம்எஸ்எம்இடி (குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டு) சட்டப்படி, எழுத்தில் தேதி பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது, பேசவில்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. அரசின் இணையதளத்திலேயே புகார் கொடுக்கலாம். வேலை முடித்த பிறகு பதிவு செய்தால் இது பயன்படாது, இப்போதே செய்துகொள்ளுங்கள்.

செட்டிநாட்டுப் பக்கம் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று, இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். உங்கள் கோயில், பள்ளி, இல்லங்களுக்கு சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து நிறையப் பேர் கொடுப்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், பூர்வீகம் காரைக்குடியாகவே இருந்தாலும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ கார்டே வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. இருந்தாலும் 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லியில் உள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். நீங்கள் உதவி என்று நினைத்து நன்கொடைப் பக்கத்தில் வெளிநாட்டுக் கார்டு வசதியைத் திறந்துவிட்டால் மாட்டிக்கொள்வது அறக்கட்டளை. படிவத்திலேயே குடியுரிமை என்ன என்று கேளுங்கள், பான் எண்ணும் வாங்குங்கள், நன்கொடையாளருக்கு வரிச்சலுகைச் சான்றிதழ் கொடுக்கவும் அது வேண்டும்.

டெல்டா டெவலப்பர்

எஃப்சிஆர்ஏ விஷயம் எனக்குப் புதிது சார், நன்றி.

டொமைன் பற்றி நிரல் தம்பி சொன்னதில் ஒரு பகுதி சரி. உரிமையாளர் இடத்தில் சங்கத்தின் பெயரைப் போட்டு, கணக்கை நான் பராமரிப்பது எனக்கும் சம்மதம். ஆனால் பாக்கி விஷயத்தில் சட்டம் பேசி ஒரு கோயில் கமிட்டி மேல் புகார் கொடுத்துவிட்டு அதே ஊரில் நான் தொழில் செய்ய முடியுமா? அடுத்த நாள் டீக்கடையில் எப்படி உட்காருவேன்? அதற்கு என்ன வழி?

நிரல்_கோவை

பிடியை வேறு இடத்தில் வையுங்கள் அண்ணே. ஆர்டர் உறுதியாகும்போது பாதி. தளத்தை எங்கள் சோதனை முகவரியில் முழுதாகச் செய்து காட்டுவோம், கமிட்டியில் எல்லோரும் போனில் பார்க்கட்டும், திருத்தம் சொல்லட்டும். மீதியும் முதல் வருடப் பராமரிப்பும் வந்த பிறகுதான் அவர்கள் டொமைனில் ஏறும். திறப்பு விழாவுக்கு நாள் குறித்து அழைப்பிதழும் அடித்துவிட்டால் பணம் தானாக வரும். ஏறிய பிறகு நம்மிடம் எந்தப் பிடியும் வேண்டாம். நடுவில் வேறு டெவலப்பரிடம் போனால் டொமைனை மாற்றிக்கொள்ள உதவும் டிரான்ஸ்ஃபர் குறியீட்டையும் முழு பேக்கப்பையும் அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுகிறோம். அப்படிக் கொடுத்துப் போனவர்களில் சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள், வேறு ஆட்களையும் அனுப்பியிருக்கிறார்கள்.

பராமரிப்புக்குத் தனியாக வாங்குங்கள், அதில் என்ன செய்கிறோம் என்று சொல்லுங்கள். அப்டேட், வாராந்திர பேக்கப், ரினியூவல், வருடத்துக்கு ஒரு தடவை நேரில் போய் உட்கார்ந்து சரிபார்ப்பது. எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் போடாதீர்கள், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது. திருட்டு தீம், திருட்டு பிளகின் பக்கமே போகாதீர்கள், குறைந்த விலைக்குச் செய்து கொடுப்பதாகச் சொல்லிப் பலர் அதைத்தான் போடுகிறார்கள், உள்ளே பின்வாசல் வைத்துத்தான் அதைச் சும்மா கொடுக்கிறார்கள்.

சங்கச் செயலாளர்

ஆடிட்டர் தம்பி சொன்ன உரிமை வரியையும், நிரல் தம்பி சொன்ன டிரான்ஸ்ஃபர் வரியையும் எழுதிக்கொண்டேன். டொமைன் பில் சங்கத்தின் பெயரில்தான் வர வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன், அப்போதுதான் வரவு செலவில் காட்ட முடியும். அடுத்த நிர்வாகக் குழுவில் வைக்கிறேன்.

காரைக்குடித் தம்பி, அந்த முதியோர் இல்லத்துக்கு என்ன வழி செய்தீர்கள்? பழைய முகவரி கிடைக்குமா?

காரைக்குடிக்காரன்

அது டாட் இன் டொமைன் அக்கா. ஐஎன்டிஆர்பி என்று டாட் இன் முகவரிகளுக்கென்றே ஒரு தகராறுத் தீர்வு முறை இருக்கிறது. பெயரில் நமக்கு உரிமை இருப்பதையும், எடுத்தவர் தவறான நோக்கத்தில் வைத்திருப்பதையும் காட்ட வேண்டும், கட்டணமும் உண்டு, நாளும் ஆகும். அறங்காவலர்கள் அந்தப் பணத்தில் இல்லத்துக்கு மருந்து வாங்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். புதிய டொமைன் அறக்கட்டளை பெயரிலேயே 10 வருடத்துக்கு வாங்கிவிட்டோம். கூகுள் மேப்பிலும் அவர்களைப் பற்றி எழுதியிருந்த இரண்டு தளங்களிலும் முகவரியை மாற்றியாகிவிட்டது. சூதாட்டப் பக்கத்தைப் பற்றி அந்த ரிஜிஸ்ட்ராருக்கும் புகார் போயிருக்கிறது. மிச்சமிருக்கும் ரசீது புத்தகங்களுக்குப் புது முகவரியோடு ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்தோம், பழைய முகவரி மேல் ஒட்டிக்கொள்ளலாம். வேனில் இருப்பதைப் பெயிண்டர் வந்து அழிக்க வேண்டும்.

பார்ட்னர் புதிய ஒப்பந்தத்துக்குச் சம்மதித்துவிட்டார், ஒரு நிபந்தனையோடு: முதல் வருடப் பராமரிப்பை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். நியாயம்தான். தமிழில் இரண்டு பக்கத்துக்குள் எழுதியிருக்கிறோம், கமிட்டியில் வாசித்துக் காட்டுகிற மாதிரி. நாளைக்கு இங்கேயே போடுகிறேன். ஆடிட்டர் சார், நன்கொடைப் பக்கம் பற்றிய பத்தியை மட்டும் ஒரு தடவை பார்த்துச் சொல்ல முடியுமா?

ஆடிட்டர் ஆபீஸ்

போடுங்கள், பார்க்கிறேன். குடியுரிமை கேட்கிற வரியை விட்டுவிடாதீர்கள்.